உரக்கடைக்கு மென்பொருள் தேடியது: ஒரு சுங்கை சிப்புட் பதிவு

எங்கள் கடை மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. முதலாளி என் சித்தப்பா. கணக்கு, கொள்முதல், கணினி மூன்றும் என் பொறுப்பு. உரம், களைக்கொல்லி, மருந்து தெளிப்பான், செம்பனை அரிவாள், உளி, பூட்ஸ், தள்ளுவண்டி என்று தோட்டங்களுக்கும் சிறு நிலக்காரர்களுக்கும் வேண்டியதை விற்கிறோம். தாத்தா காலத்தில் ரப்பர் பால் வெட்டும் கத்தி, பால் பிடிக்கும் மங்கு, பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம்தான் ஓடிய சரக்கு. தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியதும் அலமாரியும் மாறிவிட்டது. மாறாமல் நிற்பது கடன் நோட்டு ஒன்றுதான்.

பழைய மென்பொருள் ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி) காலத்தில் வாங்கியது. 2015 ஏப்ரல் 1 அன்று அந்த வரி வந்தபோது, சிறு நிறுவனங்கள் மென்பொருள் வாங்க அரசாங்கம் 1,000 ரிங்கிட் பற்றுச்சீட்டு கொடுத்தது. அதை வைத்து அப்போது கிடைத்ததை எடுத்தோம். 2018 ஜூன் 1 அன்று ஜிஎஸ்டி பூஜ்யமாகி, செப்டம்பர் 1 அன்று எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பிய பிறகும் அதே நிரல்தான் பில் போட்டது. கணினியில் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவும், மைக்ரோசாஃப்ட் எப்போதோ சொன்னபடி, 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

அவசரம் வந்தது இ-இன்வாய்ஸால், அதாவது விற்பனைப் பில்லை மின்னணு வடிவில் வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியால். ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள் 2024 ஆகஸ்ட் 1 முதல், 25 மில்லியனைத் தாண்டியவை 2025 ஜனவரி 1 முதல், 5 மில்லியனைத் தாண்டியவை 2025 ஜூலை 1 முதல், ஒரு மில்லியனைத் தாண்டியவை 2026 ஜனவரி 1 முதல் என்று வருமான வரி வாரியம் படிப்படியாகக் கொண்டுவந்தது. உரம் விலை கூடிய சரக்கு, அதனால் கடை சின்னதாக இருந்தாலும் விற்பனைத் தொகை ஏறிவிடும். நாங்கள் மூன்றாவது படியில் விழுந்தோம். ஆனால் எங்களிடம் வாங்கும் பெரிய தோட்ட நிறுவனங்கள் முதல் படியிலேயே இருந்ததால், தோட்ட அலுவலகக் கிராணிகள் (எழுத்தர்கள்) முந்தின ஆண்டே எங்கள் வரி அடையாள எண்ணைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம். அதிலேயே கையால் உள்ளிடலாம், எக்செல் தாளாகவும் ஏற்றலாம். நாளுக்கு நாலைந்து பில் போடுகிற கடைக்கு அது தாராளமாகப் போதும், செலவு செய்யத் தேவையில்லை. எங்களுக்குப் போதாமல் போனதற்குக் காரணம் பில்லின் எண்ணிக்கை இல்லை. அதே விவரத்தைச் சரக்கு இருப்புக்கு ஒருமுறை, கடன் கணக்குக்கு ஒருமுறை, வாரியத்துக்கு ஒருமுறை என்று மூன்று இடத்தில் அடித்தால் எங்காவது ஓரிடத்தில் எண் மாறும். மாதக் கடைசியில் அதைத் தேடுவது யார்?

முதலில் எழுதியது

எந்த விற்பனையாளரையும் கூப்பிடும் முன், கடையில் உண்மையாக நடக்கிற தொல்லைபிடித்த வேலைகளை ஒரு தாளில் எழுதினேன். வசதிகளின் பட்டியல் எழுதவில்லை. 'பல கிடங்கு வசதி உண்டா, பல நாணயம் உண்டா' என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். அதனால் கேள்வியை நடந்த கதையாக எழுதினேன். கவுண்டரில் பில் போடும் அக்காவையும் ஸ்டோரில் மூட்டை எண்ணும் அண்ணனையும் உட்காரவைத்து, "எது உங்களுக்குத் தலைவலி?" என்று கேட்டதில் பாதித் தாள் நிறைந்தது.

ஒரு தோட்டம் 200 மூட்டைக்கு ஒரே பி.ஓ. (கொள்முதல் ஆணை) அனுப்பும். லோரி மூன்று தடவை போகும். மூன்று டி.ஓ.விலும் (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு) கிராணி சாப்பு (முத்திரை) குத்திக் கையெழுத்துப் போடுவார். நடுவில் நனைந்த மூட்டை இரண்டு திரும்பி வரும். மாதக் கடைசியில் பி.ஓ. எண்ணோடு ஒரே இன்வாய்ஸ் போக வேண்டும். எண் இல்லாவிட்டால் தலைமை அலுவலகம் பணம் போடாது.

ஒரு சிறு நிலக்காரர் பழம் விற்ற பணம் கைக்கு வந்ததும் 500 ரிங்கிட் கொடுத்துவிட்டுப் போவார். எந்தப் பில்லுக்கு என்று சொல்ல மாட்டார். அதைப் பழைய பில்லிலிருந்து கழிக்க வேண்டும். ஆனால் போன மாதம் தகராறில் நிற்கிற பில்லைத் தொடக் கூடாது.

ஒரு லோரிக்காரர் எங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறார், எங்களிடமே உரமும் வாங்குகிறார். அவருக்குக் கொடுக்க வேண்டியதையும் அவரிடமிருந்து வர வேண்டியதையும் நேர்செய்து மிச்சத்தை மட்டும் கொடுக்க வேண்டும். களைக்கொல்லி ஒவ்வொரு தொகுதிக்கும் காலாவதித் தேதி வேறு, பழையது முதலில் வெளியே போக வேண்டும். தெளிப்பானின் உதிரிப் பாகங்கள் சீனாவிலிருந்து வருகின்றன. வெளிநாட்டு விற்பனையாளர் மலேசிய இ-இன்வாய்ஸ் தர மாட்டார் என்பதால் நாமே நம் பெயரில் சுய இன்வாய்ஸ் போட வேண்டும். கவுண்டரில் ஒரு ஜோடி கையுறை வாங்குபவரிடம் வரி எண் கேட்க முடியாது, அப்படிப்பட்ட சில்லறை விற்பனைகளையெல்லாம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒரே தொகுப்பாக அனுப்ப வேண்டும். ஆனால் 10,000 ரிங்கிட்டைத் தாண்டும் ஒற்றை விற்பனை தொகுப்பில் போகக் கூடாது என்ற விதி 2026 ஜனவரியிலிருந்து உண்டு. கவுண்டரில் அந்தத் தொகை வந்தால் நிரல் தானாக நிறுத்திக் கேட்க வேண்டும். நாலைந்து டன் உரம் எடுத்தாலே பில் அந்தப் பக்கம் நெருங்குவதுண்டு.

இன்னொன்று. வாரியம் ஏற்றுக்கொண்ட இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். நனைந்த மூட்டை 72 மணி நேரம் பார்த்துத் திரும்பி வராது. ஆகவே கிரெடிட் நோட் எங்களுக்கு அன்றாட வேலை. எந்த இன்வாய்ஸுக்கு எதிராக அது போடப்படுகிறது என்ற இணைப்பு ஒரு சொடுக்கில் வர வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக அக்கா சொன்னது: மூட்டையைப் பிரித்து கிலோவாக விற்பது.

எதை எதைப் பார்த்தோம்

சந்தையில் இருப்பதை எனக்குப் புரியும் வகையில் மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். முதலாவது, எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற உள்நாட்டுக் கணக்கு மென்பொருள்கள். ஈப்போவில் எந்தத் தணிக்கையாளரிடம் போனாலும் இவற்றில் ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது, மாதச் சந்தா கட்டி இணையத்திலேயே பயன்படுத்தும் மேகக்கணினி வகை. மூன்றாவது, கொள்முதல் முதல் கணக்கு வரை ஒரே கூரைக்குள் கொண்டுவரும் இஆர்பி. இதில் பெல்ஜியத்திலிருந்து வரும் ஓடூ, மும்பையில் உருவான திறமூல (மூல நிரல் யாருக்கும் திறந்திருக்கும்) ஈஆர்பிநெக்ஸ்ட், அதற்கும் மேலே எஸ்ஏபி பிசினஸ் ஒன், மைக்ரோசாஃப்ட் பிசினஸ் சென்ட்ரல்.

கடைசி இரண்டையும் சீக்கிரமே ஒதுக்கினோம். அவற்றின் மீது குறை இல்லை. அவற்றை நிறுவித் தருவது பங்காளி நிறுவனங்களின் ஆலோசகர்கள், கட்டணம் நாள்கணக்கில். நம்மிடமே ஒரு ஐடி ஆள் முழுநேரமாக இருந்து அவர்களோடு பேசினால்தான் காசுக்குப் பலன் கிடைக்கும். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற கடைக்கு அது பொருந்தாது.

திறமூல வகையில் எனக்கு மனம் மிகவும் ஒட்டியது. ஈஆர்பிநெக்ஸ்ட்டை ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு நிறுவிப் பார்த்தேன். உரிமக் கட்டணம் கிடையாது, தரவு முழுக்க நம் கையில், பி.ஓ. முதல் டி.ஓ., இன்வாய்ஸ் வரை தொடர்ச்சி அவ்வளவு தெளிவு. ஓடூவில் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் தனித்தனி, முழுமையான கணக்குப் பகுதி கட்டணப் பதிப்பில்தான் வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இந்த வகையை நான் கைவிட்டதற்கு ஒரே காரணம் பராமரிப்பு. சர்வரைப் புதுப்பிக்கவும், காப்புநகல் சரியாக விழுகிறதா என்று பார்க்கவும், வரி விதி மாறும்போது இணைப்பைத் திருத்தவும் கடையில் நான் ஒருத்தி மட்டும்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் பில் நிற்கக் கூடாது. ஊரில் லினக்ஸ் தெரிந்த இன்னொருவர் சம்பளத்துக்குக் கிடைப்பார் என்றால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

மூட்டையைப் பிரித்துக் காட்டுங்கள்

விற்பனையாளர்கள் செய்துகாட்டும் போது அவர்களுடைய மாதிரி நிறுவனத்தைத் திறப்பார்கள். அதில் பொருள் பத்து, வாடிக்கையாளர் ஐந்து, எல்லாம் முழு எண். அதைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. எங்கள் தாளை முன்கூட்டியே அனுப்பி, எங்கள் பொருள் பெயர்களோடு எங்கள் கதைகளைச் செய்துகாட்டச் சொன்னோம். விசைப்பலகையில் அக்காதான் உட்கார வேண்டும், வந்தவர் வாயால் மட்டும் வழி சொல்லலாம் என்பது நிபந்தனை. சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் மட்டும், "கொடுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்," என்று தாளை வாங்கிக்கொண்டார்.

மூட்டைப் பரீட்சை இதுதான். உரம் டன் கணக்கில் வாங்குகிறோம். 50 கிலோ மூட்டை 20 சேர்ந்தால் ஒரு டன். தோட்டத்துக்கு மூட்டையாகப் போகும். காய்கறி போடும் ஒரு பாட்டி 12.5 கிலோ கேட்பார். மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுப்போம். மறுநாள் இன்னொருவர் 10 கிலோ. இப்போது இருப்பு எவ்வளவு, அடக்கவிலை எவ்வளவு?

ஒரு மென்பொருள் 0.75 மூட்டை என்று காட்டியது. கணக்கு சரி, ஆனால் ஸ்டோர் அண்ணன் 0.75 மூட்டையை எப்படி எண்ணுவார்? இன்னொன்றில், மூட்டை ஒரு பொருள், சில்லறை கிலோ வேறொரு பொருள். பிரிக்கும்போதெல்லாம் ஒன்றைக் கழித்து மற்றொன்றில் சேர்க்கும் தனிப் பதிவு போட வேண்டும். கூட்டம் நிற்கும்போது அந்தப் பதிவை யாரும் போட மாட்டார்கள், மாதக் கடைசியில் மூட்டை கூடுதலாகவும் கிலோ எதிர்மறையாகவும் நிற்கும். மூன்றாவதில் அடிப்படை அலகு கிலோ, மூட்டை 50, டன் 1,000 என்று ஒரே பொருளுக்குள் மூன்று அலகு. அக்கா 12.5 என்று அடித்தார், திரையில் மிச்சம் '37.5 கிலோ' என்று வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்கு அந்த வேகமே பதில்.

அதோடு விடவில்லை. அடக்கவிலையின் தசம இடங்களையும் பார்த்தேன். உதாரணமாக, லோரிக் கூலி சேர்த்து ஒரு டன் 2,068 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 2.068. நிரல் இரண்டு தசமத்தோடு நின்றால் 2.07 ஆகிவிடும், டன்னுக்கு 2 ரிங்கிட் வித்தியாசம். 40 டன் இருப்பில் 80 ரிங்கிட் எங்கிருந்தோ முளைக்கும். தொகை சிறியதுதான், ஆனால் தணிக்கையாளர் கேட்டால் விளக்க முடியாத 80 ரிங்கிட் அது. எத்தனை தசமம் என்பதை அமைப்பில் மாற்ற முடியுமா என்று கேட்டு, மாற்றிப் பார்த்து, அறிக்கையில் பிரதிபலிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திரையில் நான்கு தசமம் காட்டி, அச்சில் இரண்டாக முழுமையாக்குவதும் உண்டு.

மேகக்கணினி வகையில் ஒன்று பி.ஓ. கதையையும் கிரெடிட் நோட்டையும் அழகாகச் செய்தது. கைப்பேசியிலேயே சித்தப்பா பாக்கி பார்க்கலாம் என்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் நம் ஊரில் மாலையில் இடி மழை என்றால் லைன் போகும். மோடத்தைக் கழற்றிவிட்டு, "இப்ப ஒரு பில் போடுங்க," என்றோம். முடியவில்லை. கைப்பேசி இணையத்தில் ஓட்டலாம் என்றார்கள். ஸ்டோருக்குள் அந்த அலைவரிசை ஒரு கோடுதான் வரும். இணையம் போனாலும் கடைக்குள் பில் ஓட வேண்டும், லைன் வந்ததும் வாரியத்துக்குத் தானாகப் போக வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

செலவும் கேள்விகளும்

விலைக் கடிதங்களை அப்படியே ஒப்பிடவே முடியாது. ஒருவர் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்பார், மற்றவர் ஒரே தடவை உரிமம் என்பார், மூன்றாமவர் பகுதி பகுதியாக விலை போடுவார். எல்லாவற்றையும் மூன்று ஆண்டுச் செலவாக மாற்றி ஒரே தாளில் வைத்தேன். ஆளுக்கு மாதம் 60 ரிங்கிட் என்பது கேட்க ஒன்றுமில்லை. ஆறு பேருக்கு மூன்று ஆண்டில் 12,960. 8 விழுக்காடு சேவை வரி சேர்ந்தால் 13,996.80. ஒரே தடவை உரிமம் என்பவரிடம் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைக் கேட்க வேண்டும், அது கட்டாவிட்டால் வரி விதிப் புதுப்பிப்பு வருமா, நிற்குமா என்றும் கேட்க வேண்டும். இ-இன்வாய்ஸ் அனுப்புவதற்கு ஆவணக் கணக்கில் தனிக் கட்டணம் உண்டா, தரவு மாற்றித் தருவது விலைக்குள் அடக்கமா, பயிற்சி எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கினேன். வாயால் சொன்னது எதையும் தாளில் ஏற்றவில்லை.

சம்பளப் பகுதியைச் சேர்த்து வாங்கச் சொல்லி எல்லாரும் வற்புறுத்தினார்கள். ஒரு கேள்வியால் அளந்தேன்: வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து முதலாளி 2, தொழிலாளி 2 விழுக்காடு இபிஎஃப் (சேமநிதி) கட்டாயமானது, அந்தப் புதுப்பிப்பு உங்கள் வாடிக்கையாளர்கள் கைக்கு எப்போது வரும்? தேதியோடு பதில் சொன்னவரை நம்பினேன். ஆனாலும் சம்பளத்தைத் தனி நிரலிலேயே விட்டோம். கவுண்டர் கணினியில் சம்பள விவரம் இருப்பதைச் சித்தப்பா விரும்பவில்லை, அதில் நியாயம் இருக்கிறது.

ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களிடம் கேட்பது எல்லாரும் சொல்லும் யோசனைதான். ஆனால் "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். கோலக்கங்சாரில் ஓர் இரும்புக்கடைக்காரரிடம், "இது வந்த பிறகும் எதை எக்செல்லில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அரைமணி நேரம் பேசினார். அவருடைய எக்செல் தாள்களைப் பார்த்ததில் அந்த மென்பொருளின் ஓட்டைகள் எல்லாம் தெரிந்துவிட்டன. பயனுள்ள கேள்வி, யாரும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆதரவு எண்ணுக்கு வாங்குவதற்கு முன்பே கூப்பிட்டுப் பார்த்தோம், அதுவும் மாதக் கடைசியில், மாலை ஐந்து மணிக்கு. எடுத்தவர்களும் உண்டு, மணி அடித்தே அறுந்ததும் உண்டு.

முடிவில் எடுத்தது உள்நாட்டு மேசைக்கணினி வகையில் ஒன்று. பெயரைப் போடவில்லை. மூட்டை பிரிக்கும் வேலை இல்லாத கடைக்கும், லைன் ஒழுங்காக இருக்கும் ஊருக்கும் வேறொன்று பொருத்தமாக வரலாம், பெயரைப் பார்த்து யாரும் வாங்கிவிடக் கூடாது.

மாற்றியபோது

தரவைச் சுத்தம் செய்ததுதான் உடம்பை எடுத்த வேலை. ஒரே அரிவாள் மூன்று குறியீட்டில் இருந்தது. ரப்பர் காலத்து மங்கு இன்னும் பட்டியலில் கிடந்தது. 2020 ஜனவரி 1 முதல் தடையான பாராகுவாட் களைக்கொல்லியும் பெயரளவில் நின்றது. நிஜமாக விற்கும் பொருளை மட்டும் புதிதாகக் குறியீடு போட்டு ஏற்றினோம். வாடிக்கையாளர் பாக்கியை மொத்தத் தொகையாக ஏற்றாமல் பில் பில்லாக ஏற்றினோம். மொத்தமாக ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் எது எத்தனை நாள் பாக்கி என்ற வயதுக் கணக்கு அன்றோடு போய்விடும்.

வரி எண் சேகரிப்பு தனிக் கதை. தனிநபர் எண் 'ஐஜி' என்ற எழுத்துகளோடு தொடங்கும். பல சிறு நிலக்காரர்களுக்குத் தங்களுக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. அடையாள அட்டை எண்ணோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்து ஏற்ற அக்காதான் பொறுமையாக உட்கார்ந்தார். வயதானவர்களிடம், "ஐயா, இது வரி கேக்குறதுக்கு இல்ல, பில்லுக்கு மட்டும்தான்," என்று அவர் சொன்ன பிறகே அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள்.

வாரியம் சோதனைத் தளம் ஒன்றும் வைத்திருக்கிறது. உண்மையான கணக்கைத் தொடாமல் அதில் அனுப்பிப் பார்த்தோம். திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை தோட்ட நிறுவனங்களுடையவை. காரணம் ஒன்றே: எங்கள் பதிவேட்டில் இருந்தது நிறுவனங்களின் பழைய பதிவு எண். 2019 அக்டோபரில் நிறுவன ஆணையம் 12 இலக்கப் புதிய எண்ணுக்கு மாறிவிட்டது. பழையதை வரி எண்ணோடு சேர்த்து அனுப்பினால் பொருந்தவில்லை என்று தளம் தள்ளிவிடும். பட்டியல் முழுக்க 12 இலக்கத்துக்கு மாற்றியதும் ஏற்றுக்கொண்டது, க்யூஆர் குறியோடு முதல் இன்வாய்ஸ் அச்சானது.

ஒரு முழு மாதம் பழையதும் புதியதும் இணையாக ஓடின. ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது மூன்று எண்ணை மட்டும் ஒப்பிட்டோம்: மொத்த விற்பனை, மொத்தக் கடன் பாக்கி, ஐந்து முக்கிய உரங்களின் இருப்பு. இருப்பைத் திரையில் பார்த்துவிட்டு ஸ்டோரில் போய்க் கையாலும் எண்ணினோம். மூன்றும் ஒத்துவந்த பிறகே பழையதில் பில் போடுவதை நிறுத்தினோம். பழைய கணினியைத் தூக்கிப் போடவில்லை. வரிப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், இணையத் தொடர்பைத் துண்டித்து, அறிக்கைகளைப் பிடிஎஃப் ஆக்கி வைத்திருக்கிறோம்.

களைக்கொல்லியின் காலாவதி எச்சரிக்கை இன்னும் நாங்கள் விரும்பியபடி வரவில்லை. தொகுதி எண்ணை உள்ளிட முடிகிறது, 60 நாளுக்கு முன்பே பட்டியல் எடுக்கும் அறிக்கையை விற்பனையாளர் செய்து தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரை ஸ்டோர் அண்ணன் பெட்டியின் மேல் சிவப்பு மார்க்கரில் தேதி எழுதுகிறார். ஒப்பந்தத்தில் நான் கேட்டுச் சேர்த்த ஒரு வரி உண்டு: எப்போது கேட்டாலும் பொருள், வாடிக்கையாளர், பரிவர்த்தனை மூன்றையும் சாதாரண எக்செல் தாளாக, கட்டணமின்றி எடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் தொகுப்பு இன்வாய்ஸ் போன மறுநாள் அதை எடுத்து, வேறு கணினியில் திறந்து, பாக்கித் தொகை ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த மாதத்தை மூடுகிறேன்.